எட்டு ரீலில் ஒன்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிரெட்டா கார்போ நடித்த ‘தி டிவைன் உமன்’ (1928) படத்தின் ஒன்பது நிமிடத் துண்டைப் பார்த்தேன். படத்தைத் தயாரித்த ஹாலிவுட் ஸ்டுடியோ எம்ஜிஎம்மின் கிடங்கு எரிந்ததில் மீதி போய்விட்டது என்கிறார்கள். ஒரு கிடங்கு எரிந்தால் பல ஊர்களில் ஓடிய படம் எப்படி இல்லாமல் போகும்? மீதி கிடைக்க வழி உண்டா?

சே.

அன்புள்ள சே.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1965இல் கல்வர் சிட்டியில் எம்ஜிஎம்மின் ஏழாம் எண் கிடங்கு எரிந்தது. ஆனால் அந்தத் தீக்கு வெகுகாலம் முன்பே படம் அழியத் தொடங்கிவிட்டது. பிரிண்டுகள், அதாவது படத்தின் பிரதிகள், தியேட்டர்காரர்களுக்கு வாடகைக்குப் போனவை. ஓட்டம் முடிந்ததும் திரும்பி வரும்; தேய்ந்தவற்றை அழித்து, அதிலிருக்கும் வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படத்தை மறுபடி ஓட்ட யாருக்கும் தேவையிருக்கவில்லை. அப்படிக் கரைந்து கரைந்து ஸ்டுடியோவில் மிஞ்சிய கொஞ்சத்தைத்தான் தீ தின்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 அறிக்கைப்படி, அங்கே எடுக்கப்பட்ட 10,919 முழுநீள ஊமைப்படங்களில் அசல் 35 மி.மீ. வடிவில் முழுதாக இருப்பவை 14 சதவீதம் மட்டுமே.

நீங்கள் பார்த்த துண்டு மாஸ்கோவின் கோஸ்ஃபில்மோஃபாண்ட் காப்பகத்தில் கிடைத்தது. ஊரை விட்டுப் போகவேண்டிய படைவீரனாக லார்ஸ் ஹான்சன், அவனை விட மனமில்லாத கார்போ. மொத்தப் படம் எட்டு ரீல், ஏறத்தாழ 80 நிமிடம். ஒரு ரீல் மட்டும் தப்பியதில் வியப்பில்லை. ஆயிரம் அடிக்கு ஒரு டப்பா என்று ரீல்கள் தனித்தனியாகவே பயணம் செய்தன, தனித்தனியாகவே அழுகின. அக்காலப் படங்கள் பதிவான, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் சிதையும்போது வரும் வாயு, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, அந்தச் சிதைவையே இன்னும் விரைவாக்கும். காற்றுப் புகாத டப்பாவில் பூட்டினால் சாவு சீக்கிரம். முதலில் படிமம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கொப்புளிக்கும், கட்டியாகும், கடைசியில் பழுப்புத் தூள்.

இந்தப் படத்தின் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரம் அதே ஆண்டில் ஹான்சனை வைத்து எடுத்த ‘தி விண்ட்’ இன்றும் முழுதாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்த ஒன்பது நிமிடத்தைப் பாருங்கள். எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

மீதி கிடைத்தால், விநியோகச் சங்கிலியின் கடைசி ஊரில்தான் கிடைக்கும். திருப்பி அனுப்பும் கப்பல் செலவு பிரிண்டின் மதிப்பைவிட அதிகமான ஊர்கள் அவை. கனடாவின் டாசன் நகரில் மண்ணுக்கடியிலிருந்து 1978இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரீல்கள் வந்தன. தொலைந்ததாக நினைத்த ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ நியூசிலாந்தில் இருந்தது.

அங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பிரிண்டில் தலைப்பும் வசனம் காட்டும் எழுத்து அட்டைகளும் உள்ளூர் மொழிக்கு மாறியிருக்கும், பட்டியலில் வேறு பெயரில் கிடக்கும். கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக்குறி இருக்கும். ஆனால் 20 ஆண்டுக்கொருமுறை அதே குறி திரும்பும் என்பதால் 1928ஐ 1948 என்று எண்ணிவிடலாம். நடிகர் முகத்தையும் அரங்க அமைப்பையும் ஸ்டுடியோ ஸ்டில்களோடு ஒப்பிட்டே உறுதி செய்யவேண்டும்.

பழைய டப்பா எதுவும் கண்ணில் பட்டால் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் புரொஜெக்டர் பல்லில் சிக்கிக் கிழியும். ஒட்டிய சுருளைப் பிரிக்கவும் வேண்டாம். தீப்பொறியும் வெயிலும் அண்டாத குளிர்ந்த இடத்தில், காற்றுப் போக வழிவிட்டு வைத்து, திரைப்படக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். நைட்ரேட் எரிந்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கினாலும் எரியும்.