வாசகர் கேள்வி: பனியில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. வரும் தை மாதம் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் செல்கிறேன். உப்புவெளிக் கடற்கரையில் வெறுங்காலுடன் நடந்து பழகிய எனக்கு, கொட்டிக் கிடக்கும் பனியிலும் இறங்கி நடக்க ஆசை. மகளோ, “வழுக்கி விழுந்திடுவீங்கள் அம்மா, யன்னலுக்குள்ளால பாருங்கோ” என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் மகள் அஞ்ச வேண்டியது பனிக்கல்ல, பனிக்கட்டிக்கு. புதிதாக விழுந்த பனி பொருபொருவென்று இருப்பதால் கால் அதில் புதையுமே தவிர எளிதில் வழுக்காது. பகலில் உருகிய நீர் இரவில் மீண்டும் உறைந்து, ஈரமான தார்வீதி போலவே தோற்றம் காட்டும் மெல்லிய படலந்தான் ஆளை விழுத்துவது. அங்குள்ள நம்மவர்கள் அதனை ‘பிளாக் ஐஸ்’ என்பார்கள். மார்கழி மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் எப்படி நடப்பீர்களோ, அப்படியே சிறு அடிகளாக, பாதம் முழுவதும் பதியும்படி, கைகளைப் பையினுள் விடாமல் நடந்தால் போதும்.

உடையைப் பொறுத்தவரை, தடித்த ஒன்றைவிட மெல்லியவை பல நல்லவை. இடையில் சிக்கும் காற்றே சூட்டைக் காக்கிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக் குளிரேற்றுமாதலால் உள்ளாடைக்கு உதவாது. வெறுங்கால் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். கடுங்குளிரில் பாதம் மரத்துப்போவதால், காயப்படுவதே தெரியாது.

இனி, எதை ரசிப்பது? என்னைக் கேட்டால், முதலில் அந்த அமைதியைச் சொல்வேன். புதுப்பனியின் பெரும்பகுதி காற்றேயாதலால் அது ஓசையை உறிஞ்சிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் அலையோசை கேட்ட காதுக்கு அது விசித்திரமாகவே இருக்கும். அடுத்து, கருநிற மேலங்கியின் கைமடிப்பில் விழும் ஒரு துகளை, மூச்சுப் படாமல் உற்றுப் பாருங்கள். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்குறுவதால், ஆறு கைகள் தெரியக்கூடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, நுணுக்குக்காட்டியுடன் கமெராவைப் பொருத்தி 1885இல் ஒரு பனிப்பளிங்கைப் படமெடுத்தார். பின்னர் தம் வாழ்நாளில் அவ்வாறான படங்களை 5000க்கு மேல் எடுத்துச் சேர்த்தார். பனிமனிதன் செய்ய விரும்பினால் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருக்கும் நாளைத் தெரிவு செய்யுங்கள், ஏனெனில் கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்த மணல் போல உதிருமே தவிர உருண்டையாகாது. ஆனால் அத்தகைய பனியை மிதிக்கையில் காலடியில் ‘நறநற’ என்று எழும் ஒலியும் கேட்கத்தக்கதே.

(முன்பனி, பின்பனி என்று இரு பருவங்கள் வகுத்த நம் முன்னோரின் பனி புல்நுனியை நனைப்பது; முற்றத்தை மூடுவதன்று. அங்குள்ள நம்மவர்கள் ‘ஸ்னோ’ என்றே சொல்வதை நான் குறை கூறமாட்டேன்.)

மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுள் அநேகருக்கு, அதிகாலையில் எழுந்து வாசலில் வழித்து ஒதுக்குவதற்கு அப்பால் பனியுடன் வேறு பழக்கம் இருப்பதில்லை.