செயினை இழுத்து முறுக்கினால் நல்லதா? டூரிங் பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. கவனிக்காமல் விட்டுக் கெட்டுப்போன வண்டிகளைவிட, ஆசை ஆசையாகக் கைவைத்துக் கெட்டுப்போன வண்டிகள்தான் அதிகம். யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வரிசையில் நானும் நின்றவன்தான், இரண்டாவது பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். வெளியூர் கிளம்பும் முன் செயினை நன்றாக இழுத்து முறுக்கிவிடுவேன். ஆனாலும் பாதி வழியில் 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறதே? (ஓசூர்)

பதில்: அந்த இறுக்கம்தான் சத்தம் போடுகிறது. பின் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது செயின் ஓடும் இரண்டு பல்சக்கரங்களுக்கும் (ஸ்ப்ராக்கெட்) இடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். பெட்டி, பை, பின்னால் ஓர் ஆள் என்று சுமை ஏறி வண்டி அமுங்கினால் தூரம் கூடும். வெறும் வண்டியிலேயே விறைத்து நிற்கிற செயின், சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது எங்கே போகும்? கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடும். இறுகிய செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்றுவிடும். உங்கள் வண்டி சத்தம் போட்டதே புண்ணியம்.

மெயின் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது; எங்கே அதிகமாக இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும், எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்கணும். முறுக்கும்போது அளவு நகரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் செயின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) கெடுக்கும். துடைத்துக் காயவைத்து, செயினின் உள்பக்கத்தில் 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மாலையில் ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது செய்தால் ராத்திரி முழுக்க ஊறும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

இதை எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். விரல் நுனி இல்லாத இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவர் கதையும் ஒன்றுதான்: முதல் கியர், ஓடும் செயின், கையில் பழந்துணி.

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். கொஞ்சம் கூடவே ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினேன். இப்போது ஏர் பில்டரில் ஆயில் கசிந்திருக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: ஆயில் என்ன பாயசமா, கூட ஒரு கரண்டி ஊற்ற? அதிகமாகும் ஆயிலை கிராங்க் கடைந்து நுரையாக்கும். அது இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக, ஏர் பில்டர் இருக்கும் ஏர் பாக்ஸில் போய் விழும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் வரும்வரை வடித்துவிடுங்கள். ஏர் பாக்ஸைத் துடைத்து, பில்டர் ஊறிப்போயிருந்தால் மாற்றுங்கள். அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடி பொய் சொல்லும்.

டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று பைக் ஆயிலுக்கான தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. வழுக்கலைக் கூட்டும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும்.

இப்போது என் கதை. முதல் தடவை நானே ஆயில் மாற்றிய அன்று, கசியக் கூடாதே என்ற பயத்தில் டிரெயின் போல்ட்டை நீளக் கைப்பிடி ஸ்பேனரால் முறுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் திடீரென்று வெண்ணெயில் திருகியதுபோல ஒரு மென்மை. அலுமினிய மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. புது வாஷர் போட்டு, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் கையேடு சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கியிருந்தால், சாகும்வரை கசிந்திருக்காது. பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பின் பிரேக் திடீரென்று பஞ்சு மிதிப்பதுபோல ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா? (நாமக்கல்)

பதில்: வேண்டும். தானாகச் சரியானது என்பதே நோயின் அடையாளம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிதாக இருக்கும்போது 'டாட் 4' தரத்து பிரேக் ஆயில் கொதிக்க குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும். 3.7 சதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 70 கொண்டை ஊசி வளைவிலும் பின் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. ஆறியதும் குமிழ் மறைந்து எல்லாம் சரியானதுபோல இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், வண்டி ஓடாமல் நின்றாலும்கூட. ஏபிஎஸ் இருந்தால், ஒருவர் செய்வதைக் கிட்ட நின்று ஒருதடவை பார்க்காமல் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும் வேலையில் இறங்காதீர்கள். அந்த ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொன்று: பிரேக் ஆயில் கிண்ணத்தில் அளவு மெல்லக் குறைவது பெரும்பாலும் டிஸ்க்கை உரசும் பிரேக் பேடு தேய்வதால்தான். முதலில் பேடைப் பாருங்கள். குறைகிறதே என்று ஊற்றி நிரப்பினால், புதுப் பேடு போடும் அன்று வழிந்தோடும்.

மலை இறங்குவதற்குப் பழைய லாரி டிரைவர்களின் பாடம்தான்: எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, முழுதாக விடுங்கள்.

கேள்வி: செயினுக்கு டபிள்யூடி-40 அடிக்கலாமா?

பதில்: அழுக்கை இளக்க அடிக்கலாம். ஆயிலுக்குப் பதிலாக அடிக்கக் கூடாது. பேரிலேயே இருக்கிறது: ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை, 40-வது முயற்சி. கொஞ்ச தூரத்திலேயே செயின் வறண்டுவிடும்.

கேள்வி: தனுஷ்கோடி போய் வந்தேன். பத்தே நாளில் ஸ்போக்கில் துரு. வாட்டர் வாஷ் உடனே கொடுத்தேனே! (மதுரை)

பதில்: எப்படிக் கொடுத்தார்கள்? துப்பாக்கி மாதிரி பிடித்து சக்கரத்தின் நடுவில் அடித்திருப்பார்கள். அந்த வேகம் வீல் பேரிங் சீலைத் தாண்டி உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளும். கடற்கரை போய் வந்தால் சாதாரண ஹோஸ் குழாயில் மெதுவாக, நிறைய நல்ல தண்ணீர் விடுங்கள். பிறகு காயும்வரை ஒரு சின்ன ரவுண்டு ஓட்டுங்கள். ஸ்போக்கை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், டிஸ்க்கில் மட்டும் படக் கூடாது. கையோடு ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். நல்லது 'டிங்' என்று பாடும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும்.

கேள்வி: டியூப் டயர் பஞ்சரை நானே போடப் பழகுகிறேன். மாட்டும்போதெல்லாம் லிவர் டியூபைக் கிழித்துவிடுகிறது. (திருநெல்வேலி)

பதில்: கடைசியில் பலத்தைக் காட்டுகிறீர்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். தொடங்கிய பக்கத்து டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் உட்கார வைத்தால் இந்தப் பக்கம் தானாக இளகும். டியூபில் லேசாகக் காற்றடித்து, பவுடர் தூவி உள்ளே விடுங்கள். தட்டையான டியூப்தான் லிவரில் மாட்டும். டயரைக் கழற்றியதும் உள்ளே விரலால் தடவி, குத்திய ஆணி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டு, புது டியூபையும் பஞ்சராக்கி, ராத்திரி பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையோரம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: நீண்ட பயணத்தில் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஒரே ஒரு உதிரிப் பாகம்?

பதில்: கிளட்ச் கேபிள். பையில் போட்டு வைக்காதீர்கள். பழைய கேபிள் போகும் வழியிலேயே, டேங்குக்கு அடியில், புதியதையும் சேர்த்து டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவி பாலிதீன் சுற்றி வையுங்கள். பழையது அறுந்த இடத்தில் டேங்கைக் கழற்றாமல், இரண்டு முனையை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.