களைக் கட்டுப்பாடு படித்தால் மகனுக்கு வேலை இருக்குமா? தெலுக் இந்தான் தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த தம்பி விவசாயம் படிக்கிறேன் என்கிறான், "தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கவா இத்தனை வருஷம் படித்தான், அதையும் இனி ட்ரோன் அடித்துவிடுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகில் டாங்கி சுமக்கும் வேலை குறையத்தான் செய்யும், குறையட்டும். ஆனால் எந்தக் களைக்கு எந்த மருந்து, அடித்த மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடிக்கொண்டுதான் போகிறது.

காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத ரும்புட் சம்பாவ் புல் மலேசியாவில் முதன்முதலில் பதிவானது 1990களின் பிற்பகுதியில், தெலுக் இந்தான் பக்கத்தில். இலையைக் கருக்கும் பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் குளுஃபோசினேட்டையும் தாங்கும் சம்பாவ் இந்நாட்டிலேயே கண்டறியப்பட்டுள்ளது. புதிய வழியில் வேலை செய்யும் களைக்கொல்லிகளோ பல பத்தாண்டுகளாக அரிதாகத்தான் வருகின்றன. கையில் இருக்கும் மருந்துகள் குறையக் குறைய, அவற்றை அறிந்து பயன்படுத்துகிறவருக்கு மதிப்பு ஏறும்.

ட்ரோன் பயம் பாதிதான் சரி. நெல் வயலிலும் இளஞ்செம்பனையிலும் அது நன்றாக வேலை செய்கிறது. வளர்ந்த செம்பனையில் மட்டைகள் மேலே கூரை போட்டுவிடும், கீழே மரத்தடி வட்டத்துக்கு மருந்து இறங்காது. அங்கே ஆளோ தரையில் ஓடும் வண்டியோ வேண்டும். இன்னொன்று, ட்ரோன் ஹெக்டருக்கு 10 முதல் 30 லிட்டர் தண்ணீரில் மருந்தைத் தெளிக்கும், முதுகு டாங்கிக்கு 200 லிட்டருக்கு மேலும் போகும். கலவை அத்தனை செறிவாக இருப்பதால், காற்றடிக்கும் நேரத்தில் அடித்தால் பக்கத்து மரவள்ளித் தோட்டம் கருகும். பறக்கவிடும் சான்றிதழோடு மருந்தறிவும் உள்ளவனைத்தான் நிறுவனம் தேடும். ட்ரோன் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், அது சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த மையமா, தேர்வுக் கட்டணமும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்.

தம்பிக்கு இந்த வேலை பிடிக்குமா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை போதும். மருந்தே தொடாத புது டாங்கியில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடத்தில் நாசிலிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அளவுக் குடுவையில் பிடிக்கச் சொல்லுங்கள். 1.2 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நிமிடத்தில் 50 மீட்டர் நடக்கிறான், தெளிப்பு 1.2 மீட்டர் அகலம் விழுகிறது. அப்படியானால் 60 சதுர மீட்டருக்கு 1.2 லிட்டர், ஹெக்டருக்கு 200 லிட்டர். 15 லிட்டர் டாங்கி 750 சதுர மீட்டர்தான் தாங்கும். லேபிள் ஹெக்டருக்கு 3 லிட்டர் என்றால் டாங்கிக்கு 225 மில்லி. நாசில் தேய்ந்து நிமிடத்துக்கு 1.5 லிட்டர் போனால் மருந்து கால் பங்கு கூடுதலாக விழும், காசும் போகும். இந்தக் கணக்கு அவனுக்குச் சலிப்புத் தட்டாவிட்டால் நல்ல அறிகுறி.

அடுத்தது கண். அடித்துப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். எல்லாக் களையும் ஒரு பட்டையாகப் பச்சையாக நின்றால் நடந்தவர் அந்த வரியை விட்டுவிட்டார், அல்லது நாசில் அடைத்திருக்கிறது. எல்லாமே அரைகுறையாக மஞ்சளித்திருந்தால் மழை கழுவியிருக்கலாம், சேற்றுத் தண்ணீரில் கலந்திருக்கலாம். கிளைபோசேட்டை மண்துகள் பிடித்துக்கொள்ளும். செத்த சம்பாவுக்கு நடுவே அதே சம்பாவில் ஓரிரு தூறு மட்டும் தழைத்து நின்றால் எதிர்ப்புத்தன்மையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மருந்தைக் கூட்டுவது முட்டாள்தனம்; அந்தத் தூறுகள் விதை விடுமுன் பிடுங்கிவிட்டு, வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். இதைப் பார்த்துச் சொல்லும் ஆளுக்கு இன்றும் பஞ்சம்தான்.

படிப்பு விஷயம். உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் கிரெடிட் இருந்தால் நல்லது; யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) விவசாய டிப்ளோமா, நீலாய் போலிடெக்னிக்கின் அக்ரோடெக்னாலஜி டிப்ளோமா இரண்டுக்கும் அரசு உயர்கல்விச் சேர்க்கைத் தளமான யுபியூவில் விண்ணப்பிக்கலாம். பட்டம்தான் வேண்டும் என்றால் உங்களுக்குப் பக்கத்தில் கம்பாரிலேயே யுடார் பல்கலைக்கழகம் வேளாண் அறிவியல் பட்டப்படிப்பு நடத்துகிறது. தகுதி விவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்கள். வேதியியலில் தடுமாறுகிறவனை இதில் தள்ளாதீர்கள். களை மருந்து என்பதே வேதியியல்தான்.

வேலை தோட்டத்தில் மட்டும் இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கான எம்எஸ்பிஓ (நிலைத்தன்மை) சான்றிதழ் 2020 முதல் கட்டாயம், அதன் தணிக்கைக்குத் தெளிப்புப் பதிவேடும் பாதுகாப்பு ஏற்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும். வேலையிடத்து ரசாயனப் பாதுகாப்புக்கான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி தோட்டங்கள் ரசாயன ஆபத்து மதிப்பீடு செய்தாக வேண்டும். மருந்து நிறுவனங்களுக்கும் வயலில் சோதனை நடத்த ஆள் வேண்டும். முதல் இரண்டு ஆண்டு சம்பளம் உங்கள் மனக்கணக்கை விடக் குறைவாக இருக்கலாம், வெயிலில் நடக்கவும் வேண்டும். அதற்குத் தம்பி தயாரா என்று அவனிடமே கேளுங்கள், நீங்களாகப் பதில் சொல்லிவிடாதீர்கள்.