அப்பாவின் இதயமும் ஒரு விண்ணப்பப் படிவமும்

அன்புள்ள ஐயா,

என் தங்கையின் திருமணத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. மண்டபம், அலங்காரம், விருந்து, புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டோம். திருமணத்துக்கென்றே காப்பீடு இருப்பதாக நண்பர் சொன்னார். ஒரு முகவரிடம் விசாரித்தேன். மூன்று திட்டங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவதில், திருமணம் நின்றாலோ தள்ளிப்போனாலோ ஏற்படும் இழப்பு மட்டும். இரண்டாவதில், விருந்தினருக்கோ மண்டபத்துக்கோ நம்மால் சேதம் நேர்ந்தால் அந்தப் பொறுப்பும் சேர்கிறது. மூன்றாவதில் நகை, உடை, பரிசுப் பொருட்கள், புகைப்படக்காரர் வராமல் போவது எனச் சகலமும் இருக்கின்றன. ஆனால் பிரீமியம் முதல் திட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எதை எடுக்கலாம்? மணமக்களில் ஒருவர் மனம் மாறினால் பணம் கிடைக்குமா?

அம்மாவுக்கு இதில் விருப்பமே இல்லை. நல்ல காரியம் நடப்பதற்கு முன்பே அது நின்றுபோவதைப் பற்றிப் பேசலாமா என்கிறார்.

இன்னொரு விஷயம். சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது. படிவத்தில் இதை எழுத வேண்டாம், எழுதினால் பிரீமியம் கூடும் என்கிறார் முகவர். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள தம்பி,

உங்கள் முழுக் கடிதத்தில் பிரீமியக் கணக்குக்கு இரண்டு பக்கம். அப்பாவுக்கு நான்கு வரி. அதுவும் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதியதைப் போல. அந்த நான்கு வரிகள்தான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தன.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். மண்டபத்துச் சுவரில் தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறதே, அதுவும் அபசகுனமா என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். மனம் மாறினால் பணம் கிடைக்குமா என்றால், அநேகமாக எந்த பாலிசியிலும் கிடைக்காது. தங்கள் கையில் உள்ள ஒரு முடிவுக்கு எதிராக யாருக்கும் காப்பீடு தரமாட்டார்கள். அதை விடுங்கள்.

படிவத்துக்கு வருகிறேன். சில வாரங்களாக நான் ஒரு பழைய வழக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். 1766-இல் லண்டனில் தீர்ப்பான வழக்கு. சுமத்ரா தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பிய எதிரி கோட்டையைப் பிடித்துவிட்டால் தனக்கு ஏற்படும் இழப்புக்கு லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும்விட்டார்கள். கோட்டை பலவீனமானது, உள்ளூர்க்காரர்களைச் சமாளிக்கக் கட்டியதே தவிர ஐரோப்பியப் பீரங்கிகளைத் தாங்காது, இதை கார்ட்டர் எங்களிடம் சொல்லவில்லை என்று காப்பீட்டாளரான போம் என்பவர் பணம் தர மறுத்தார்.

நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு அப்போது சொன்னதுதான் இன்றுவரை காப்பீட்டுச் சட்டத்துக்கு அடித்தளம். ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட வேண்டியவர் காப்பீட்டாளர். அந்தக் கணக்குக்கு வேண்டிய விவரங்களோ பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும். காப்பீட்டாளர் அவரை நம்பித்தான் விலை சொல்கிறார். தெரிந்தே ஒரு விவரத்தை மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் யாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார் தெரியுமா? கார்ட்டருக்கு. கோட்டையின் நிலைமை லண்டனில் உட்கார்ந்திருந்த போமுக்கும் தெரிந்திருக்கக்கூடியதே, கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு இழப்பு வந்த பிறகு கேள்வி எழுப்புவது சரியல்ல என்றார்.

காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கின்றன. விற்கும்போது ஒரு கேள்வியும் இல்லை. இழப்பீடு கேட்டுப் போகும்போது உங்கள் தாத்தாவின் இரத்த அழுத்தம் வரை கேட்பார்கள். பிரிட்டன் இதைப் புரிந்துகொண்டு 2012-இல் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே சாதாரணக் குடிமக்கள் தாமாக முன்வந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குக் கவனமாக, பொய்யில்லாமல் பதில் சொன்னால் போதும். எல்லா நாடுகளிலும் அந்தச் சலுகை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

நிறுவனத்தைத் திட்டியாயிற்று. இப்போது உங்களை.

உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், தம்பி. நெருங்கிய உறவினர் எவருக்கேனும் தீவிர நோயோ சிகிச்சையோ உண்டா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் 'எழுத வேண்டாம்' என்று முகவர் ஏன் சொல்லப்போகிறார்? திருமணத்தை நிறுத்தக்கூடிய காரணங்கள் என்னென்ன என்று ஒரு கணம் யோசியுங்கள். மண்டபம் தீப்பிடிக்கலாம், வெள்ளம் வரலாம், அலங்காரக்காரர் கடையை மூடிக்கொண்டு ஓடலாம். இவை எல்லோருக்கும் பொதுவான ஆபத்துகள். உங்கள் வீட்டுக்கென்று இருக்கும் ஆபத்து ஒன்றே ஒன்று, அது அப்பாவின் மார்புக்குள் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் காப்பீடு எடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். கொஞ்சம் பிரீமியத்தை மிச்சப்படுத்த.

என் பெரியப்பா இழப்பு மதிப்பீட்டாளராக இருந்தவர். சர்வேயர் என்பார்கள், இழப்பீடு கேட்பவருக்கு உண்மையில் எவ்வளவு சேதம் என்று பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை தருபவர். அவருடைய கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. அதனால் கல்லூரி நாட்களில் அவருடைய அறிக்கைகளைப் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. எரிந்த கிடங்கு, நனைந்த துணி மூட்டை, கவிழ்ந்த லாரி என்று பேரழிவுகளின் வழியாகத்தான் உரைநடை கற்றேன் என்று சொல்லலாம். ஓய்வு பெற்ற பிறகும், மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அவரைத் தேடி வந்தவண்ணம் இருப்பார்கள்.

அப்படி ஒருவர் வந்தார். மகள் திருமணத்துக்குக் காப்பீடு எடுத்தவர். அப்போதெல்லாம் அது அபூர்வம். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். திருமணம் தள்ளிப்போனது. இழப்பீடு கேட்டார், மறுத்துவிட்டார்கள். பெரியப்பா இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று விண்ணப்பப் படிவம். குடும்பத்தில் யாருக்கும் நோயில்லை என்று அதில் டிக் அடித்திருந்தது. இன்னொன்று மருத்துவமனை கொடுத்த அறிக்கை. நோயாளிக்குப் பல ஆண்டுகளாகச் சிறுநீரகக் கோளாறு என்று முதல் வரியே சொன்னது. நிறுவனம் துப்பறியவெல்லாம் இல்லை. இவரே கொண்டுபோய்க் கொடுத்த தாள்தான் அது.

"டிக் அடித்தது முகவர், ஐயா" என்றார் வந்தவர். பெரியப்பா படிவத்தின் அடியில் விரலை வைத்தார். "கையெழுத்து?" அவர் பேசவில்லை. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு முதியவரின் நோயை மறைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தீர்களா என்று சத்தம் போட்டார். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு அதே பெரியப்பா இரவு முழுக்க உட்கார்ந்து அவருக்காக மேல்முறையீட்டு மனு எழுதினார். படிவத்தில் வேறு இரண்டு கேள்விகளுக்குப் பதிலே இல்லை, அதைக் கவனிக்காமல் பிரீமியத்தை வாங்கியது நிறுவனத்தின் குற்றம் என்று வாதம். கார்ட்டர் வழக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வாதம் அதே வாதம்தான். நான் படியெடுத்தேன். நிறுவனம் மிகுந்த மரியாதையோடு பிரீமியத்தை மட்டும் திருப்பி அனுப்பியது.

உங்களுக்கும் அதுதான் நடக்கும். முகவர் அன்று உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார். முகவர் என்பவர் நிறுவனத்தின் ஆள். விற்றால் அவருக்குத் தரகு, மறுத்தால் அவருக்கு நட்டமில்லை. உங்களுக்காகப் பேச ஆள் வேண்டுமென்றால் காப்பீட்டுத் தரகரைப் பாருங்கள், அவர் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி.

எழுதிவிட்டால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம். 'இந்த நோயால் திருமணம் நின்றால் பொறுப்பில்லை' என்று விலக்கு போடலாம். பல பாலிசிகள், எடுக்கும் நாளில் நோயாளி நிலையாக இருக்கிறார், திருமணத்தில் கலந்துகொள்ளத் தடையில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கின்றன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு நிம்மதி. தயங்கினாரென்றால், நான்கு மாதம் கழித்து வைத்திருக்கும் திருமணத்தைப் பற்றி நீங்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டில் எதுவானாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதில்லையா? முகவரிடம் பேசியிருக்கிறீர்கள், நண்பரிடம் பேசியிருக்கிறீர்கள், என்னிடம்கூடப் பேசிவிட்டீர்கள். அப்பாவின் மருத்துவரிடம் பேசியதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அப்பாவிடம் பேசியதாகவும் இல்லை. அவருடைய இதயத்தைப் பற்றி ஒரு படிவத்தில் பொய் எழுதலாமா என்று வீட்டில் எல்லோரும் ஆலோசிக்கிறீர்கள், அவரைத் தவிர. மகளின் திருமணம் தன்னால் தடைப்பட்டுவிடுமோ என்று அவர் ஏற்கெனவே இரவில் விழித்துக்கொண்டு கிடப்பார். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்பது உங்கள் குடும்பத்து விஷயம். அவர்கள் அந்தப் படிவத்தைப் படிக்கப்போவதில்லை. அவர்களிடம் மறைத்ததற்காக நிறுவனத்திடமும் மறைக்க வேண்டும் என்பதில்லை, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நீங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுவனம் அப்பாவின் இதயத்தை விலக்கிவிட்டால், அந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்ய உங்களுக்கு மிஞ்சுவது மண்டபக்காரரோடு செய்த ஒப்பந்தம்தான். 1902 ஜூனில் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். விழா ஆகஸ்டுக்குப் போயிற்று. ஊர்வலம் பார்க்க அறை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள். 75 பவுண்டுக்குப் பேசி 25 மட்டும் கொடுத்திருந்த ஒருவர் மீதியைக் கொடுக்க வேண்டாம் என்று 1903-இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு இன்னொருவருக்கு, கொடுத்த 100 பவுண்டும் கிடையாது, பாக்கியையும் கட்டு என்று தீர்ப்பு. அவருடைய ஒப்பந்தப்படி முழு வாடகையும் விழா தள்ளிப்போவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், வேறுபாடு அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை மாற்ற 1943 வரை ஆயிற்று. ஆகவே மண்டபத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், நோய் காரணமாகத் தேதியை மாற்றினால் முன்பணம் புதிய தேதிக்குச் செல்லுமா என்று இன்றே எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நிலைமைக்கு அந்த ஒரு விதி மூன்று திட்டங்களைவிடவும் மதிப்புள்ளது.

திட்டங்களை மறந்தே போனேன். இரண்டாவதை எடுங்கள். தொலைந்த முன்பணத்துக்கு ஒரு எல்லை உண்டு, எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். விருந்தினர் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அந்தத் தொகைக்கு எல்லை தெரியாது. மூன்றாவதில் கூடுதலாக வருபவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய உச்சவரம்பு இருக்கும், இழப்பின் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்றும் இருக்கும். நகைக்கு வீட்டுக் காப்பீட்டில் ஏற்கெனவே இடமிருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டுத் தொகையைக் கொடுத்த முன்பணத்துக்கு மட்டும் வைக்காதீர்கள், இனிக் கொடுக்கக் கடமைப்பட்டதையும் சேர்த்து வையுங்கள். குறைத்து வைத்தால் சில பாலிசிகளில் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். தொற்றுநோயால் நின்றால் என்ன என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு பெரும்பாலும் விலக்கிவிட்டார்கள்.

முகவர் அனுப்பியது வண்ணத் துண்டறிக்கையாகத்தான் இருக்கும். பாலிசியின் முழு வாசகத்தையும் கேளுங்கள், விலக்குகள் உள்ள பக்கங்களை முதலில் படியுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நான்கு மாதம் இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் அப்பாவின் மருத்துவரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

தங்கைக்கு என் வாழ்த்துகள்.