கண்டக்டர் பதில்கள்

(கிருஷ்ணகிரி – பெங்களூர் தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கே: மகள் பெங்களூர் ஜெயநகரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன மாதம்தான் முதன்முதலாகத் தனியாகப் போனேன். ஓசூர் வரை பஸ் பறந்தது. சில்க் போர்டு பக்கம் ஒரு மணி நேரம் நகரவே இல்லை. அப்புறம் ஏறிய டவுன் பஸ்ஸில் நூறு ரூபாய் நீட்டினேன். கண்டக்டர் மீதி தராமல் டிக்கெட்டின் பின்பக்கம் என்னவோ கிறுக்கிக் கொடுத்தார். கேட்கப் பயந்து இறங்கிவிட்டேன். இதுதானா பெங்களூர்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

ப: கிறுக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அது உங்களுக்கு வர வேண்டிய பாக்கி. வண்டி கிளம்பும்போது பையில் சில்லறை இருக்காது, நாலு ஸ்டாப் தாண்டினால்தான் சேரும். அதுவரைக்கும் 80 என்றோ 75 என்றோ எழுதி ஒரு கோடு இழுத்துக் கொடுப்போம். இறங்கும் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே டிக்கெட்டை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பாடு. கூட்டத்தில் அவராகத் தேடி வந்து தரமாட்டார். இப்போது போனில் ஸ்கேன் செய்தும் கட்டலாம், மகளிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

சில்க் போர்டு வேறு கதை. நம் ஓசூர் ரோடும் அவர்களுடைய வெளிவட்டச் சாலையும் முட்டிக்கொள்கிற இடம் அது. திங்கட்கிழமை காலை என்றால், சனி ஞாயிறுக்கு ஊருக்கு வந்த சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே நேரத்தில் திரும்புவார்கள். டிரைவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்த ஊரில் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேளுங்கள்.

உங்களுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 10-ல் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தார்கள். பொம்மசந்திராவில் ஆரம்பித்து, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை 16 ஸ்டேஷன், 19 கிலோமீட்டர் சொச்சம். அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திராதான். அங்கே நிற்குமா என்று பஸ் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். ஆர்.வி. ரோட்டில் இறங்கினால் ஜெயநகர் பக்கத்தில்தான். பச்சைத் தடத்துக்கு மாறினால் ஜெயநகர் ஸ்டேஷனே வந்துவிடும். டோக்கன் வாங்கினால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது கேட்டில் அதைப் போட்டால்தான் வழிவிடும். மாம்பழப் பை கொண்டுபோனால் ஸ்கேனரில் தலைகீழாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நம் ஊர் டவுன் பஸ் போல அங்கேயும் பெண்களுக்கு இலவசமாமே, ஆதார் மட்டும் காட்ட வேண்டுமாமே?
– இன்னொரு வாசகி, பர்கூர்

ப: 2023 ஜூன் 11 முதல் உண்டு, கர்நாடகத்துப் பெண்களுக்கு. பர்கூர் முகவரி ஆதாருக்கு டிக்கெட்தான். பக்கத்து சீட்டு அம்மா காசு கொடுக்கவில்லையே என்று கண்டக்டரிடம் வழக்குப் போடாதீர்கள்.

கே: கன்னடம் ஒரு எழுத்து தெரியாது. எப்படி பஸ் பிடிப்பது?
– ஒரு வாசகர், அரூர்

ப: பேச்சுக்குக் கவலை வேண்டாம், மார்க்கெட் பக்கமெல்லாம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். பஸ்ஸுக்கு எண்தான் முக்கியம். ஓசூர் ரோடுப் பக்கம் போகிற டவுன் பஸ்களில் பல 356-ல் ஆரம்பிக்கும், பின்னால் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். அந்த எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். ஏறும் முன் ஸ்டாப் பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.