இறால் குடலில் இருப்பது பையன் வயிற்றுக்கு வருமா?

கேள்வி: பரங்கிப்பேட்டை பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு குட்டையில் வெள்ளை நூல் நூலாக மிதந்தது. டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'கிரிகரைன்' ஒட்டுண்ணி என்றார். அந்த இறாலை வீட்டில் தொக்கு வைத்துச் சாப்பிட்டோம். எனக்கும் மனைவிக்கும் ஒன்றும் இல்லை. ஆறு வயது மகனுக்கு மட்டும் 16 நாளாக வயிற்றுப்போக்கு. அந்தப் பூச்சி தொற்றிவிட்டதா?

பதில்: இல்லை. இறாலைத் திட்டாதீர்கள்.

கிரிகரைன் புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. மலேரியாக் கிருமிக்குப் பங்காளி முறை என்று சொல்லலாம். ஆனால் மலேரியாவைப் போல மனிதனிடம் வராது. இறாலில் பரவலாகக் காணப்படும் வகை ஒன்று மட்டியிலும் சிப்பியிலும் பாதி வாழ்க்கை, இறால் குடலில் மீதி வாழ்க்கை என்று ஓட்டுகிறது. மனிதக் குடல் அதற்குச் சரிப்படாத இடம். தப்பித்தவறி உள்ளே போனாலும் நம் உடம்பில் வளராது. தொக்குச் சட்டியின் சூட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

இன்னொன்று. உங்கள் குட்டையில் இருந்தது கிரிகரைன்தானா என்பதே சந்தேகம். வெள்ளைக் கழிச்சல் (இறாலின் மலம் வெள்ளை நூலாக மிதக்கும் நோய்) வந்த இறாலின் குடலில் புழு மாதிரித் தெரிபவை பல நேரம் ஒட்டுண்ணியே அல்ல, இறாலின் செரிமானச் சுரப்பியிலிருந்து உரிந்து திரண்ட பொருள்தான் என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். டெக்னீஷியனைக் குறை சொல்லவில்லை, பார்வைக்கு அப்படியே இருக்கும்.

சரி, பையனுக்கு என்ன? 14 நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கைச் சும்மா விடக் கூடாது. எனக்கு முதலில் ஜியார்டியா மேல்தான் சந்தேகம். அதுவும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான், ஆனால் மனிதக் குடலிலேயே குடியிருப்பது. பெரும்பாலும் குடிதண்ணீர் வழியாக வரும். மலம் எண்ணெய்ப் பசையோடு நாறும், வயிறு உப்பும், எடை குறையும். மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு நாள் மாதிரியில் சிக்காமல் போகலாம், அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுங்கள். ஜியார்டியாவுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மருந்தைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம். பையனின் எடை பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும்.

அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

இறால் தாராளமாகச் சாப்பிடலாம். மட்டி, ஆளிச் சிப்பி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை. சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் எடுத்தால் மனிதக் கழிவிலிருந்து வரும் ஜியார்டியாவும் உள்ளே சேர்ந்திருக்கலாம். ஓடு திறந்தவுடன் இறக்கிவிடாமல் இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், வாய் வறட்சி, சிறுநீர் குறைவது, பையன் துவண்டு படுப்பது, இதில் எது தெரிந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.