வாசகர் கேள்வி: ஆவணிக் கலியாணமும் வீட்டு வளவும்

கேள்வி: ஆவணிக் கடைசியில் மகளின் கலியாணத்தை வீட்டிலேயே வைக்கிறோம். இன்னும் 10 கிழமைகள் இருக்கின்றன. வீடு கிழக்குப் பார்த்தது. முக்கால் ஏக்கர் வளவு, 300 பேரளவில் வருவார்கள். எதிலிருந்து தொடங்குவது?
வாசகி, முள்ளியவளை

பதில்: எல்லாரும் முதலில் பெயின்ற் அடிப்பவரைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஆவணியில் வன்னிக் கிணறுகள் அடிக்குப் போய்விடும். சமையல், கழுவல், கக்கூசு எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 20 லீற்றர் என்று வைத்தாலே 6,000 லீற்றர் வேண்டும். அன்றைக்கு மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடிச்சேறு கலங்கி, உலைக்கு வைக்கும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும்.

ஆடியிலேயே கிணற்றை இறைத்துச் சேறு வாரிவிடுங்கள். கலியாணத்துக்கு நாலு நாள் முன்னர் குளோரின் தூள் போடலாம். கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785 ஆலும் பெருக்குங்கள். எல்லாம் மீற்றரில். வரும் விடையை 1,000 ஆல் பெருக்கினால் லீற்றர். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் தண்ணீரும் என்றால் 14,000 லீற்றருக்குச் சற்று மேல். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் கணக்கில் 35 கிராம் தூள் போதும். தூளை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் களியாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் அடைய விடுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அது வேண்டாம். மேல் தெளிவை வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி நீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் எவரும் அள்ளக் கூடாது. திறந்து கிடந்து ஈரம் பிடித்த பழைய தூளுக்கு வீரியம் இராது.

கடைசி மூன்று நாளும் விடியப்புறத்தில் இரவு ஊறிய நீரை மட்டும் இறைத்து, வாடகைத் தாங்கிகளை நிரப்புங்கள். குறைவதற்குத் தண்ணீர் பவுசர். குடிக்கிற தண்ணீர் எப்படியும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

அடுத்தது காற்று. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்குப் பார்த்த வீட்டில் பந்தல் முன்முற்றத்தில்தான் வரும். வழமைபோல வீட்டுக்கு நேர் பின்னால் அடுப்பு மூட்டினால் புகையும் பொறியும் பந்தலைத் தேடி வரும். வளவின் வடமேற்கு மூலையில் மூட்டுங்கள், புகை பந்தலுக்கு வடக்கே விலகிப் போய்விடும். அதற்கு முன் அந்த மூலையின் மரங்களை அண்ணாந்து பாருங்கள். தேன்கூடோ குளவிக்கூடோ இருந்தால் புகை பட்டதும் கிளம்பிவிடும். பந்தலின் தென்மேற்குப் பக்கத்தைத் தறப்பாளால் முழுக்க மூடுவதும் பிழை. பாய்மரம்போல் காற்றைப் பிடித்துப் பந்தற்கால்களையே அசைத்துவிடும். இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகு நல்லது. பந்தலுக்கு மேலே தென்னை நின்றால் காய்ந்த மட்டையும் தேங்காயும் இறக்காமல் ஒருவரையும் கீழே இருத்த வேண்டாம்.

படலையிலிருந்து முற்றம் வரை 30 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் கிரவல் பரப்ப ஒரு கியூப், அதாவது 100 கன அடி, பிடிக்கும். ஒரு மாதம் முன்னரே பரப்பினால்தான் வாகனம் ஓடி இறுகும். முதல் நாள் கொட்டினால் புழுதி நேரே பந்தியில்.

கேள்வி: மாலைக்கும் அலங்காரத்துக்கும் வீட்டுச் செவ்வந்தி எடுக்கலாமா?
வாசகர், விசுவமடு

பதில்: சாமந்தியைக் கேட்கிறீர்களா, எங்கள் ஊர்களில் செவ்வந்தி என்று சொல்லும் துலுக்கச் செவ்வந்தியையா? இரண்டாவது என்றால் விதைத்து ஏறத்தாழ 60 நாளில் பூக்கும், கலியாண நாளிலிருந்து 65 நாள் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். 25 நாள் நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, சோளகத்துக்குச் சாயாமல் குச்சி ஊன்றுங்கள். நுனி கிள்ளினால் கிளை கூடும், ஆனால் பூ பிந்தும். நாள் குறைவென்றால் கிள்ளாதீர்கள். குருத்தோலை பின்னுபவரிடம் "மங்கலத் தோரணம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், செத்தவீட்டுத் தோரணம் பின்னுகிற முறை வேறு.

கேள்வி: பக்கத்து வெறுங்காணியின் பற்றையை வெட்டி எரித்து, வாகனம் நிறுத்த இடம் எடுக்கலாமா?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: போருக்குப் பிறகு ஆள் புழங்காத காணி என்றால் நெருப்பு வைக்கவே வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். இனந்தெரியாத இரும்பு ஏதும் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். வாகனங்களை வீதியோரம் ஒரே பக்கமாக விடுங்கள்.